ஜூன் முப்பது வரை

காலை 9.40. முதலில் கண்ணில் பட்டது கார் இல்லாத ஒரு நிறுத்துமிடம். கூடைப்பந்து மண்டபத்தின் பின்சுவரில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று ஜெர்மன் மொழியில் எழுதிய சிறு பலகை இருந்தது. அதன் கீழே இரவு பெய்த பனி, சக்கரத் தடம் எதுவும் படாமல் நீள்சதுரமாகக் கிடந்தது. மூன்று இடம் தள்ளி, பலகை இல்லாத ஓரிடத்தில் என் தம்பியின் சாம்பல் நிறக் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அது. நான் எசன் நகரிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி. "அக்கா, ஒரு கடுதாசி வாசிக்கோணும். ஒருக்கா வாறியளோ?"

அவன் இந்த நாட்டில் பிறந்தவன். ஜெர்மன் என்னைவிட நன்றாகப் பேசுவான். சட்டக் கடிதம் ஒன்றை வாசித்து விளங்க அவனுக்கு என் உதவி தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முத்திரை பதித்த கடிதம் எது வந்தாலும் மூத்த பிள்ளைதான் பிரித்து வாசிக்கும். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதங்களை ஒன்பது வயதில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அந்த வேலை மட்டும் என்னிடமிருந்து போகவில்லை. தம்பிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் காப்புறுதி, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் படிவம் எல்லாவற்றையும் நான் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்திருக்கிறான்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவன் கடித உறையை நீட்டினான். இரண்டு பக்கம், ஏழு பிரிவு.

நடந்தது இதுதான். இரண்டாம் பிரிவு லீக்கில் விளையாடும் அந்தக் கழகம் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றிருந்தது. முந்தைய நாள் மாலை தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு பருவங்களாக அவருக்குத் துணையாக இருந்த என் தம்பியை அவருடைய இடத்தில் வைத்தார்கள். பருவம் முடிய இன்னும் பதினொரு ஆட்டங்கள் இருந்தன. கடைசி இரண்டு இடங்களில் முடித்தால் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

மெதுவாக வாசித்தேன். ஒப்பந்தம் ஜூன் முப்பதாம் தேதி முடிகிறது. முடிவதற்கு அறிவித்தல் எதுவும் தேவையில்லை. நீடிப்புக் கோரும் உரிமை இல்லை. அவன் இதுவரை பார்த்த துணைப் பயிற்சியாளர் வேலையும் இந்த ஒப்பந்தத்துக்குள் அடங்கும். அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.

"இதில என்ன எழுதியிருக்கு தெரியுமோ? ரெண்டு வேலையும் நீதான் செய்யவேணும். ஜூன் முப்பதோட ரெண்டும் போயிடும்."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு என்னத்துக்கடா என்னைக் கூப்பிட்டனி?"

"நீங்கள் வாசிக்காமல் ஒருநாளும் கையெழுத்து வைக்கேல்லை. இண்டைக்கு மட்டும் ஏன்?"

அனுபவம் உள்ளவர்களுக்கு எப்படி எழுதுவார்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம், விரும்பினால் மூன்றாவது வருடமும், என்றான். தலைமைப் பயிற்சியாளராக முதல் தடவை வருகிறவன் அநேகமாக இப்படித்தான் வருவான். பருவத்தின் நடுவில், பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, சில வாரங்களுக்கு மட்டும்.

"நேற்றுக் கலைச்ச கோச்சுக்கு அடுத்த கிளப் ரெண்டு வருசம் குடுக்கும் அக்கா. அவருக்கு அனுபவம் இருக்காம். என்னை இன்னும் ஒருத்தரும் கலைக்கேல்லை. எனக்கு அனுபவம் காணாது."

சிரித்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. காரின் முன்பலகையில் காகிதத்தை வைத்து, பத்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கையெழுத்து வைத்தான். பத்து மணிக்குப் பயிற்சி.

நான் ஒரு பிராந்தியப் பத்திரிகையின் நகரப் பக்கத்தில் வேலை செய்கிறேன். விளையாட்டுப் பக்கம் எனக்கு எதிர்மேசை. அன்று மதியமே ஆசிரியரிடம் போய், இந்தக் கழகத்தைப் பற்றிய எதையும் நான் எழுதவும் மாட்டேன், திருத்தவும் மாட்டேன், என்னிடம் காட்டவும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் தம்பியின் படம் வந்தது. கீழே 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்று போட்டிருந்தார்கள். உயரம் ஒரு மீட்டர் எழுபத்து நான்கு என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் சரியான தகவல்கள்.

ஞாயிற்றுக்கிழமை வுப்பர்டாலில் அம்மாவின் சமையலறையில் செய்தியைச் சொன்னான். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. அவன் வங்கியில் ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்ய வேண்டும் என்று பத்து வருடம் விடாமல் கேட்டவ அவ. அதைக் கைவிட்டு இப்போது பத்து வருடம்.

"தலைமைக் கோச்சோ? நீயோ?"

"ஓம் அம்மா."

"அந்த நெட்டையன்களுக்கோ?"

"ஓம்."

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தா. "எவ்வளவு காலத்துக்குத் தந்தவங்கள்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். "பெஃப்றிஸ்டெட் அம்மா. ஜூன் முடியும் வரைக்கும்." கால வரையறை உள்ளது என்பதற்கான ஜெர்மன் சொல் அது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அப்பா ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு பதினான்கு வருடங்கள் அது எங்கள் கடவுச் சீட்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

அம்மாவின் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்ப நாலரை மாசம்," என்றா. "நல்லம். எங்களுக்கு முதல் தந்தது மூண்டு மாசம்."

"அம்மா, இது விசா இல்லை."

"எல்லாம் ஒண்டுதான். ஒழுங்கா நடந்தா நீட்டுவாங்கள். எப்ப போய்க் கேக்கவேணும்? ஆறு கிழமைக்கு முதலே அன்ட்ராக் போம் நிரப்பிக் குடுக்கோணும். கடைசி நாளிலை போய் நிக்கப்படாது."

நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, ஜூன் முப்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மே மாதத்தில் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டா. தம்பி அதை மறிக்கவில்லை. கத்தரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினான்.

அந்த வாரங்களில் நான் மூன்று பயிற்சிகளையும் ஐந்து ஆட்டங்களையும் பார்த்தேன். பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்கு நானே பணம் கொடுத்தேன், பத்திரிகையாளர் மேசைக்குப் போகவில்லை. குறிப்பேடு மட்டும் கையில் இருந்தது. பழக்கம்.

அவன் தலைமைப் பயிற்சியாளரின் அறைக்குள் போகவில்லை. நடைபாதையின் முடிவில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய மேசையிலேயே வேலை செய்தான். எதிரணிகளின் ஆட்டக் காணொளிகளை வெட்டி ஒட்டுவது துணைப் பயிற்சியாளர் வேலை. அதைக் காலை ஆறு மணியிலிருந்து செய்தான். ஒன்பதரைக்கு எழுந்து முகம் கழுவிவிட்டு, பத்து மணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக மைதானத்துக்கு வந்தான். காரை அதே பலகை இல்லாத இடத்தில் நிறுத்தினான். ஏன் என்று கேட்டேன். "அங்கயிருந்து மண்டபக் கதவு கிட்ட," என்றான். அளந்து பார்த்தேன். பலகை உள்ள இடம்தான் கிட்ட.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் அடியோடு மாற்றினான். ஆட்டத்தின் நடுவில் பயிற்சியாளர் ஒரு நிமிட இடைவேளை கேட்கலாம். முந்தையவர் அந்த நிமிடம் முழுக்கப் பேசுவார், பலகையில் கோடு கோடாக வரைவார், குரல் மேற்கூரை வரை கேட்கும். தம்பி முதலில் பேசவே மாட்டான். வீரர்கள் உட்காருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், மூச்சு வாங்குவார்கள். அவன் அவர்களுக்கு முன்னால் ஒரு முழங்காலை மடக்கிக் குந்தியபடி காத்திருப்பான். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், இருபத்தைந்து விநாடி. பிறகு இரண்டு வசனம். அதோடு எழுந்துவிடுவான்.

முதல் ஆட்டத்தில் கூட்டம் இதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "பொடியனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை போல," என்று ஜெர்மனில் சொன்னார். அந்த ஆட்டத்தில் பதினேழு புள்ளிகளால் தோற்றார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அதே ஆள் அந்த இருபத்தைந்து விநாடியும் தன் மகளிடம் "சத்தம் போடாதே" என்று சொன்னார்.

ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"மூச்சு வாங்கிறவனுக்குக் காது கேக்காது அக்கா. நான் விளையாடேக்கை எனக்கு ஒரு கோச் சொன்னதும் கேட்டதில்லை. தண்ணி மட்டும்தான் ஞாபகம்."

பத்து ஆட்டங்கள் முடிந்தபோது ஐந்தில் வெற்றி, ஐந்தில் தோல்வி. அணி இறங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நின்றது. கடைசி ஆட்டம் சொந்த மண்டபத்தில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. வென்றால் தங்கும், தோற்றால் இறங்கும்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, வியாழக்கிழமை மதியக் கூட்டத்தில், விளையாட்டுப் பக்கத்துச் சக ஊழியர் தன் பட்டியலை வாசித்தார். அவர் நல்ல நிருபர், அவசரக்காரர். மூன்றாவதாக, அந்தக் கழகம் அடுத்த பருவத்துக்காக அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளரோடு பல வாரங்களாகப் பேசிவருகிறது, இரண்டாவது உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறேன், என்றார். பிறகுதான் நான் அறையில் இருப்பதைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். அதற்குள் கேட்டு முடிந்துவிட்டது.

வெளியாகாத செய்தியை வெளியே சொல்வதில்லை. இருபது வருடத்தில் ஒரு முறையும் நான் சொன்னதில்லை. இந்த முறை அதைக் கேட்க வேண்டிய ஆள் என் தம்பி. அவன் விடியற்காலையில் துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காணொளி வெட்டுவது, அடுத்த வருடமும் அந்த மண்டபத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பிட்டோம். அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பதைப் போல, "நீட்டுறதைப் பற்றி ஏதும் கதைச்சவங்களோ?" என்று கேட்டா. அவன் "இன்னும் இல்லை அம்மா" என்றான். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். பாத்திரங்கள் ஏற்கெனவே கழுவப்பட்டிருந்தன.

அவன்தான் என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனான். இரண்டாவது சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இண்டைக்கு முழுக்க நீங்கள் என்ர முகத்தைப் பாக்கேல்லை."

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"மற்றக் கோச்சின்ர கதைதானே?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்ல வேண்டாம். உங்கட வேலை அது. எனக்கு முதல் நாளே தெரியும். ஒப்பந்தத்தைக் கையில தரேக்கையே முகாமையாளர் சொன்னவா. 'வேற ஆக்களோடையும் கதைப்பம், உங்களிட்டை ஒளிக்க விருப்பமில்லை' எண்டு."

அந்தப் பெண் முகாமையாளரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நேராகப் பேசுகிறவர்.

"அண்டைக்குக் காருக்குள்ளை இருக்கேக்கை உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏனடா என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் பேப்பர்க்காரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அணிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. போற ஆள் எண்டு தெரிஞ்சா ஆர் என்ர சொல்லைக் கேப்பாங்கள்? அதுதான் பயம். மற்றதெல்லாம் பரவாயில்லை."

செய்தி புதன்கிழமை வந்தது, இரண்டு பத்தி. அன்று காலை பத்து மணிக்கு அவன் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், எல்லோரையும் நடுவட்டத்தில் உட்கார வைத்திருக்கிறான். இருபத்தைந்து விநாடி பேசாமல் இருந்திருக்கிறான். பிறகு, "இது உண்மை. எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும்," என்றானாம். அணித் தலைவர் இரண்டு மீட்டர் ஆறு சென்டிமீட்டர் உயரமான ஜெர்மன்காரர், முப்பத்தாறு வயது, அவனைவிட மூத்தவர். அவர் கையை உயர்த்தி ஒரே கேள்வி கேட்டிருக்கிறார். "சனிக்கிழமை யார் பயிற்சியாளர்?"

"நான்."

"நல்லது," என்று எழுந்து பந்தை எடுத்தாராம்.

இதை அவன் எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

இதற்கிடையில் வுப்பர்டாலில் அம்மா தன் பங்குக்கு ஒரு வேலை பார்த்திருந்தா. அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்யும் ஓர் அண்ணை. அவரிடம் சொல்லி அறுபது இருக்கைகள் சேர்த்து எடுத்துவிட்டா. மைதானத்தின் ஒரு கூடைக்குப் பின்னால், எஃப் பகுதி முழுவதும் எங்கள் ஆட்கள்.

சங்கத்தின் அழைப்பிதழ்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணிக்குத் தொடங்கும் விழாவுக்கு ஐந்து மணி என்று போடுவார்கள். எல்லோருக்கும் அது தெரியும், ஆகவே ஒரு மணி நேரம் கழித்து வருவார்கள். அப்படித்தான் எல்லா விழாவும் சரியான நேரத்துக்குத் தொடங்குகிறது. இந்த மனிதர்கள் எவரும் ரயிலைத் தவற விடுவதில்லை, வேலைக்குப் பிந்துவதில்லை, மருத்துவர் குறித்துக் கொடுத்த டெர்மினுக்குக் கால் மணி முன்னதாகவே போய் இருப்பார்கள். சங்க அழைப்பிதழ் என்றால் மட்டும் வேறு கணக்கு.

அம்மா செயலாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. "இது ஜெர்மன்காரற்றை மாட்ச் அண்ணை. உள்ள நேரத்தைப் போடுங்கோ." அவரும் உள்ள நேரத்தைப் போட்டார். ஆறு மணி.

சனிக்கிழமை நான் ஐந்தரைக்குப் போனேன். மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. எஃப் பகுதியில், மூன்றாவது வரிசையின் நடுவில், அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி தனியாக இருந்தா. நாலரைக்கே வந்துவிட்டா. கதவு திறக்கும் வரை வெளியே நின்றிருக்கிறா.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அம்மாவும் நானும் ஐம்பத்தெட்டு காலி இருக்கைகளும். பருவத்தின் மிக முக்கியமான ஆட்டத்தில், நிரம்பிய மண்டபத்தின் நடுவே, அந்தப் பகுதி மட்டும் பல் விழுந்த வாய் போல இருந்தது. முகாமையாளர் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு முறை எங்களைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டா.

முதல் பாதி முடிந்தபோது பதினொரு புள்ளிகள் பின்னால். மணி 6.52. வீரர்கள் உள்ளே போனார்கள். 6.55க்கு எஃப் பகுதியின் மேல் கதவு திறந்தது.

முதலில் செயலாளர் வந்தார், கோட்டும் டையும் கட்டி. பின்னால் பட்டுச் சேலைகள், அவற்றின் மேல் தடித்த குளிர்ச் சட்டைகள். பின்னால் பொங்கல் விழாவுக்குப் போவது போல வெளிக்கிட்ட பிள்ளைகள். கதவடியில் ஒரு காவலர் பெரிய பையொன்றைத் திறந்து பார்த்து, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார். உள்ளே ஆட்டிறைச்சி ரோல்ஸ். செயலாளர் பையை அப்படியே அவரிடம் கொடுத்தார். ஆட்டம் முடிந்து திரும்பி வரும்போது பையில் பாதிதான் இருந்தது.

அம்மா எழுந்து நின்றா.

"அண்ணை, ஆறு மணி எண்டெல்லோ போடச் சொன்னனான்!"

"ஆறு மணி எண்டுதான் அக்கா போட்டனான்."

"பேந்தென்ன?"

"சனம் நம்பேல்லை."

செயலாளர் கூடைக்கு மேலிருந்த எண் பலகையைப் பார்த்தார்.

"பாதி முடிஞ்சுதோ? எத்தினையாலை?"

"பதினொண்டாலை பின்னுக்கு."

"அப்ப நல்லது ஒண்டையும் நாங்கள் விடேல்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அறுபது பேர் வந்ததால் வென்றார்கள் என்று எழுத என் தொழில் அனுமதிக்காது. உறுதிப்படுத்த முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். இரண்டாம் பாதியில் எதிரணி எஃப் பகுதிக்கு முன்னால் இருந்த கூடையில்தான் எறிந்தது. அங்கே அவர்கள் எறிந்த ஃப்ரீ த்ரோக்கள் எட்டு. அவற்றில் நான்கு உள்ளே போகவில்லை. கூடைப்பந்து விதிகள் எஃப் பகுதியில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எதிரணி வீரன் பந்தோடு நின்றால் கத்த வேண்டும் என்பது மட்டும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஓர் அக்கா, "விடாத, விடாத, அவன்ர கையைப் பார்!" என்று அணித் தலைவருக்குத் தமிழில் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தா.

ஐம்பத்திரண்டு விநாடி மீதமிருக்கும்போது புள்ளிகள் சமம். தம்பி இடைவேளை கேட்டான். வீரர்கள் உட்கார்ந்தார்கள். அவன் முழங்காலை மடக்கிக் குந்தினான். எஃப் பகுதி கத்திக்கொண்டே இருந்தது. அப்போது சுற்றியிருந்த ஜெர்மன்காரர்கள் உதட்டில் விரல் வைத்து எங்களைப் பார்த்தார்கள். எஃப் பகுதியும் அடங்கியது. இரண்டாயிரம் பேர் இருந்த மண்டபத்தில் காற்றோட்டக் குழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து விநாடி. அவன் உதடு அசைந்தது. எழுந்தான்.

எழுபத்தெட்டுக்கு எழுபத்தைந்து.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் வென்றதற்கான பெருமை அதில் ஒரு பங்குதான். பதினொரு ஆட்டத்திலும் அடுத்தவருக்கு வைத்திருந்த நாற்காலி என்று தெரிந்துகொண்டே, அது தன்னுடையதைப் போல அதில் வேலை செய்தான்.

மணி ஒலித்ததும் செயலாளர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். கையில் பொன்னாடை, கண்ணாடித் தாள் பிரிக்காமல். ஒரு காவலர் மறிக்கப் போனார். ரோல்ஸ் பையை வாங்கிய அதே காவலர். ஆளை அடையாளம் கண்டு வழிவிட்டார். செயலாளர் தாளைப் பிரித்து, வியர்வையில் நனைந்திருந்த என் தம்பியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். தம்பி குனிந்து கைகூப்பினான். அணித் தலைவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தானும் குனிந்தார், போர்த்தி விடுவார்கள் என்று நினைத்து. செயலாளரிடம் ஒன்றுதான் இருந்தது. தம்பி அதைக் கழற்றி அவருக்குப் போர்த்தினான். அவருக்கு அது தோளிலேயே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள். திங்கட்கிழமைப் பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் திரையில் ஓடின. அந்தப் படம் பெரிதாக இருந்தது. கீழே, 'ரசிகர் ஒருவர் பயிற்சியாளருக்குத் தங்க நிற ரசிகர் துண்டு அணிவிக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். நான் எதிர்மேசைக்குப் போனேன்.

"நான் இதில் தலையிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இது தகவல் பிழை."

சக ஊழியர் நாற்காலியை நகர்த்தி விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். 'தமிழ்ச் சங்கச் செயலாளர் பயிற்சியாளருக்கு மரியாதைச் சால்வை அணிவிக்கிறார்' என்று மாற்றினேன். 'இடைக்கால' என்ற சொல் வேறொரு வரியில் இருந்தது. அதைத் தொடவில்லை. அந்தப் பருவத்தில் அவனைப் பற்றி நான் எழுதிய ஒரே வரி அது.

மற்றப் பயிற்சியாளர் வரவில்லை. ஏன் என்று இரண்டு விதமாகக் கேள்விப்பட்டேன். இரண்டையும் உறுதிப்படுத்த முடியவில்லை.

அம்மா வட்டம் போட்ட நாளுக்கு முந்தைய நாள் முகாமையாளர் தம்பியைக் கூப்பிட்டார். எவ்வளவு காலம் வேண்டும், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் ஒரே ஒரு விஷயம் கேட்டான். அதை எழுதித் தர நான்கு நாள் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை உறையை அம்மாவின் சமையலறை மேசையில் வைத்தான். கையெழுத்து வைக்கவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மூன்று பக்கம், ஒன்பது பிரிவு.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று அம்மா கேட்டா.

"ஒரு வருசம் அம்மா. அடுத்த ஜூன் முப்பது வரைக்கும்."

"பெஃப்றிஸ்டெட்?"

"ஓம்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் தந்தவங்கள். மூண்டு மாசம், பிறகு ஒரு வருசம்." அம்மா நாட்காட்டியை எடுத்தா. அடுத்த வருடத்து நாட்காட்டி இன்னும் வரவில்லை. டிசம்பர் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் திகதியை எழுதினா.

நான் தொடர்ந்து வாசித்தேன். தம்பி கேட்டது மூன்றாம் பக்கத்தில், எட்டாவது பிரிவில் இருந்தது. கழகம் வரும் பருவத்துக்குத் துணைப் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்கும். அவருடைய ஒப்பந்தமும் அதே ஜூன் முப்பது வரை.